‘இழுத்துப் பார்த்தாச்சா?’ - சக்கரம் வைத்த வீடும் அத்தையின் 12 வரி லிஸ்ட்டும்!

‘டமார்’ என்று எழுதினால் அந்தச் சத்தம் வராது. இரும்பு மேல் இரும்பு விழுந்து, நசுங்கி, அதன்பிறகு ஒரு நொடி எதுவுமே கேட்கவில்லை. அந்த ஒரு நொடியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த போனில் வீடியோ ஓடுகிறதா என்று பார்த்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் மூன்று வருடம் வேலை பார்த்தால் கை அப்படிப் பழகிவிடுகிறது.

அடுத்த நொடியில்தான் ‘அத்தை எங்கே?’ என்று தோன்றியது.

போன மே மாதம், அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸில் நடந்தது இது. விழுந்தது 34 அடி நீளமுள்ள ஒரு வீடு. அது விழக் காரணம், நான். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

லாரிக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம்

மாமாவுக்கும் அத்தைக்கும் சொந்த ஊர் மதுரை. ஹூஸ்டனுக்குப் போய் 30 வருடங்கள் தாண்டிவிட்டன. மாமா மெக்கானிக்கல் இன்ஜினீயர். ரிட்டையர் ஆன மறுமாதமே, “வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நாடு பூரா சுத்தப்போறோம்” என்றார். அத்தை மறுக்கவில்லை. “முப்பது வருஷமா நான் பார்த்தது பியர்லாண்ட் மீனாட்சி கோயிலும், நாலு மளிகைக் கடையும்தான். கிளம்புங்க” என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வாங்கியது ‘ஃபிஃப்த் வீல்’ எனப்படும் டிரெய்லர் வீடு. படுக்கையறை, சமையலறை, பாத்ரூம், ஹால் எல்லாம் உள்ளேயே. ஆனால் இன்ஜின் கிடையாது. ஒரு பிக்கப் டிரக்தான் இதை இழுக்க வேண்டும்.

அது என்ன ஐந்தாவது சக்கரம்? அந்தக் காலக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக, அச்சின் மேல் ஒரு சக்கரத்தைப் படுக்க வைத்திருப்பார்கள். நான்கு சக்கரம் தரையில், ஐந்தாவது படுத்த நிலையில். பெயர் அங்கிருந்து வந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது சக்கரமில்லை, ஒரு இரும்புத் தட்டு. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருக்கும் இன்ஜின் வண்டியின் முதுகில் கறுப்பாக, கிரீஸ் பூசிய தட்டு ஒன்று இருக்கும். டிரெய்லருக்கு அடியில் தொங்கும் 2 அங்குலத் தடிமனுள்ள ‘கிங்பின்’ அதன் நடுவில் போய் உட்கார்ந்ததும், இரும்புத் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். மாமாவின் வீடும் அதே தத்துவம்தான். தட்டு, பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் இருக்கிறது. இந்தத் தட்டும் தாடையும் சேர்ந்ததை ‘ஹிட்ச்’ என்கிறார்கள்.

வண்டியின் பின்பக்க பம்பரில் மாட்டி இழுக்கும் டிரெய்லர்கள் காற்றில் வாலாட்டும். இதில் பாரம் டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது கொஞ்சம் முன்னால் உட்காருவதால் ஆட்டம் குறைவு. பெரிய வீட்டை இழுப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதுதான்.

மாமாவின் முதல் தப்பு

நான் போவதற்கு முன்பே இரண்டு அடி வாங்கியிருந்தார் மாமா. முதல் அடி, டிரக்.

“இந்த டிரக் 15,000 பவுண்டு இழுக்கும் சார், உங்க டிரெய்லர் 12,000தான்” என்று விற்றவர் சொன்னதை நம்பி வாங்கிவிட்டார். இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. மாட்டு வண்டியில் பாரத்தை எல்லாம் நுகத்தடிப் பக்கம் ஏற்றினால் மாட்டின் கழுத்துக்கு என்ன ஆகும்? அதே கதைதான். ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவிகிதம் வரை டிரக்கின் முதுகில் நேரடியாக உட்காரும்.

மாமா எனக்கு ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். சாமான்களோடு டிரெய்லர் 12,000 பவுண்டு. அதில் 20 சதவிகிதம் என்றால் 2,400. ஹிட்ச் 150. மாமா, அத்தை சேர்ந்து 320. டிரக்கில் இருந்த டூல்ஸ் பெட்டி 200. கூட்டினால் 3,070 பவுண்டு. டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். மாமாவின் டிரக்கில் அந்த எண் 2,350. அதாவது 720 பவுண்டு அதிகம். நம் கணக்கில் சுமார் 325 கிலோ!

இதை அவர் கண்டுபிடித்தது நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடையில். ‘கேட் ஸ்கேல்’ என்பார்கள். நம்மூர் எடைமேடை போலத்தான். ஆனால் மேடை துண்டு துண்டாகப் பிரிந்திருப்பதால், டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சுகள் என்று தனித்தனியாக எடை காட்டும். டிரெய்லரோடு ஒரு முறை, அதைக் கழற்றிவிட்டு டிரக் மட்டும் ஒரு முறை நிறுத்தினால், முதுகில் எவ்வளவு பாரம் என்பது தெரிந்துவிடும்.

சீட்டைப் பார்த்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, “உன் கிரைண்டர்தான் காரணம்.”

அத்தை கிரைண்டரைத் தூக்கி எடைமேடை ஓரத்தில் வைத்துவிட்டு, “இப்ப போய் நிறுத்துங்க” என்றாராம். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. உண்மையான குற்றவாளி, தண்ணீர். 60 கேலன் நல்ல தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பியிருந்தார் மாமா. அது மட்டுமே 500 பவுண்டு. போகிற இடத்தில் குழாய் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தண்ணீர்? அன்றிலிருந்து கால் தொட்டிதான். கிரைண்டர் வீட்டுக்குள் திரும்பி வந்தது. ஆனாலும் கணக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் டிரக்கை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, 3,900 பவுண்டு சுமக்கக்கூடிய பெரிய டிரக்கை வாங்கினார்.

“முதல்ல வீட்டைப் பாரு, அப்புறம் அதுக்கேத்த டிரக்கைப் பாரு. நான் தலைகீழா செஞ்சேன்” என்பார் மாமா.

நல்லா இருந்த டயர்

இரண்டாவது அடி, டயர். வாங்கியது பழைய டிரெய்லர். டயரில் பள்ளம் எல்லாம் புத்தம் புதிது போல இருந்தது. முதல் நீண்ட பயணத்தில் ஒன்று வெடித்தது. கிழிந்த ரப்பர் சாட்டை மாதிரி சுழன்று அடித்து, அடித்தகட்டைக் கிழித்து, உள்ளே போன தண்ணீர்க் குழாயையும் பிய்த்துவிட்டது.

அப்புறம்தான் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தார்கள். ‘DOT’ என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களில், முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் தயாரானது என்பதைச் சொல்லும். அந்த டயருக்கு ஏழு வயது. டிரெய்லர் டயர்கள் தேய்ந்து போவதைவிட, வெயிலில் நின்று நின்று வயதாகிப் போவதுதான் அதிகம். இந்த வழக்கம் நம் காருக்கும் பொருந்தும். உங்கள் வண்டியிலும் ஒரு முறை பாருங்களேன்.

புதிய டயர் போட்ட பிறகு மாமா மூன்று பழக்கங்களைப் பிடித்துக்கொண்டார். காலையில் வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபார்ப்பது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி, டார்க் ரெஞ்ச்சால் நட்டுகளை மறுபடி இறுக்குவது. மணிக்கு 65 மைலைத் தாண்டாமல் ஓட்டுவது. மேற்கு டெக்சாஸில் ஐ-10 நெடுஞ்சாலையில் 80 மைல் வரை போகலாம் என்று போர்டு இருக்கிறது. மாமா கண்டுகொள்வதே இல்லை.

ஆனால் அத்தைக்கு மனசு விட்டுப்போயிருந்தது. நான் விடுமுறைக்கு ஹூஸ்டன் போய் இறங்கிய அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டார். “நீ வந்திருக்கங்கறதுக்காக ஒரு தடவை. இதுதான் கடைசி ட்ரிப். திரும்பி வந்ததும் அதை வித்துடச் சொல்லிட்டேன்.” மாமா பதில் பேசாமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

12 வோல்ட் பாடம்

ஹூஸ்டனில் இருந்து மேற்கே சுமார் 600 மைல் தள்ளி ஃபோர்ட் டேவிஸ் என்ற மலை ஊர். சான் அன்டோனியோ, கெர்வில், ஓசோனா, ஃபோர்ட் ஸ்டாக்டன் வழியாக மூன்று நாளில் போவதாகத் திட்டம்.

முதல் நாள் மாலை, தங்கும் பார்க்கில் கரன்ட் கொடுத்தோம். ஏசி ஓடவில்லை. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இந்த டிரெய்லர் பார்க்குகளில் இரண்டு விதமான பிளக் இருக்கும். 30 ஆம்பியர் பிளக்கில் 3,600 வாட் வரை எடுக்கலாம். 50 ஆம்பியர் பிளக்கில் 120 வோல்ட் லைன் இரண்டு வருவதால் 12,000 வாட். மாமா எப்போதும் நடுவில் ஒரு பாதுகாப்புப் பெட்டியை மாட்டுவார். வோல்ட்டேஜ் ரொம்பக் குறைந்தாலோ கூடினாலோ, வயரிங் தப்பாக இருந்தாலோ அது கரன்ட்டை உள்ளே விடாது. அன்றைக்குச் சுட்டெரிக்கிற வெயில். பார்க்கில் எல்லா வண்டியிலும் ஏசி ஓட, வோல்ட்டேஜ் 104-க்குக் கீழே இறங்கியிருந்தது.

“பெட்டியை எடுத்துட்டு நேரா மாட்டுங்க மாமா, வேகுது” என்றேன்.

“மாட்டலாம். ஏசி கம்ப்ரஸர் போனா நீ தர்றியா?” என்றார். வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிகக் கரன்ட்டை இழுத்துச் சூடாகும். அதைவிட ஆபத்து, 50 ஆம்பியர் பிளக்கில் நியூட்ரல் விட்டுப்போவது. அப்போது ஒரு பக்கத்துச் சாமான்களுக்கு 120-க்குப் பதில் 200-க்கும் மேல் பாய்ந்து டிவி, மைக்ரோவேவ் எல்லாம் கருகிவிடலாம். வெயில் தாழும் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஏழரை மணிக்குத் தானாக ஏசி வந்தது.

மறுநாள் காலை, சறுக்கு அறை உள்ளே வரவில்லை. ஹாலின் ஒரு பக்கச் சுவர், சோபாவோடு சேர்ந்து வெளியே தள்ளி நின்று இடத்தைப் பெரிதாக்கும். கிளம்பும்போது அதை உள்ளே இழுக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். எனக்குப் பதற்றம். இந்தச் சுவரோடு எப்படி ரோட்டில் போவது?

மாமா மல்ட்டிமீட்டரை எடுத்தார். நேராக மோட்டாருக்குப் போகாமல் பேட்டரிக்குப் போனார். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 காட்டும். இது 11.6 காட்டியது. இரவு முழுக்கக் கரன்ட் இருந்தும் ஏன் சார்ஜ் ஏறவில்லை? பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரின் பிரேக்கர் விழுந்திருந்தது. அதைத் தூக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சுவர் சாதுவாக உள்ளே வந்தது.

“எது ஓடலைன்னாலும் மூணு கேள்வி. பேட்டரியில வோல்ட் இருக்கா? ஃபியூஸ், பிரேக்கர் சரியா இருக்கா? வயர் எங்கயாவது லூசா இருக்கா? இந்த மூணையும் பார்க்காம எதையும் கழட்டக் கூடாது” என்றார் மாமா.

இன்னொரு பாடத்தையும் சொல்லியாக வேண்டும். டாய்லெட் கழிவுத் தொட்டி. நான் புத்திசாலித்தனமாக, “வால்வைத் திறந்தே வெச்சுட்டா தானா போயிடுமே” என்றேன். மாமா என்னைப் பாவமாகப் பார்த்தார். திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மற்றது உள்ளேயே மலைபோலக் குவிந்து காய்ந்துவிடும். மூடி வைத்து, ஒவ்வொரு முறையும் தாராளமாகத் தண்ணீர் விட்டு, முக்கால் தொட்டி நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறக்க வேண்டும். முதலில் அது, பிறகு குளித்த தண்ணீர்த் தொட்டி. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் பைப்பைக் கழுவிவிடும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்!

அந்தக் காலை

மூன்றாம் நாள் விடிகாலை. நல்ல வெளிச்சம். எனக்கு ஒரு ரீல் தோன்றியது. ‘வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் மதுரை மாமா’. மாமா டிரக்கைப் பின்னால் கொண்டுவருவது, கிங்பின் உள்ளே போவது, தாடை கவ்வுவது. முப்பது விநாடி போதும்.

மாமா பின்னால் வந்தார். ‘கிளிக்’ என்று சத்தம் கேட்டது. ஹிட்ச்சின் கைப்பிடி மூடிக்கொண்டது. அத்தை பின்தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றி எட்டி, விளக்கு, பிரேக்குக்கான கேபிளைச் செருகினார். வழக்கமாக இதற்கு அடுத்து மாமா ஒரு வேலை செய்வார். டிரெய்லரின் முன்கால்களைத் தரையிலிருந்து லேசாக மட்டும் தூக்கிவிட்டு, சக்கரக் கட்டைகளை எடுக்காமல், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு டிரக்கை மெதுவாக முன்னால் இழுத்துப் பார்ப்பார். கவ்வியிருந்தால் எதுவும் நகராது. கவ்வாமல் இருந்தால் டிரெய்லர் ஒரு விரல்கடை இறங்கி, தன் கால்களிலேயே நின்றுகொள்ளும். சேதம் எதுவும் இருக்காது.

அன்றைக்கு நான், “மாமா, கால் மேல ஏர்றதை எடுக்கலை. முழுசா ஏத்துங்க. அப்படியே வண்டியில ஏறி எனக்குக் கை காட்டிட்டு கிளம்புங்க. ஒரே ஷாட்!” என்றேன். கட்டைகளை நானே ஓடிப்போய் எடுத்து வைத்தேன்.

மாமா சிரித்துக்கொண்டே கை காட்டினார். டிரக் நான்கு அடி நகர்ந்தது.

டிரெய்லரின் மூக்கு அப்படியே கீழே இறங்கி, டிரக்கின் இரண்டு பக்க விளிம்புகளையும் நசுக்கி, பின்கதவை மடித்துக்கொண்டு நின்றது. சற்று முன் அத்தை கை ஊன்றியிருந்த அதே விளிம்பு. இரண்டு அடி தள்ளி, தண்ணீர் ஹோஸைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி அத்தை நின்றுகொண்டிருந்தார். பத்து விநாடி. அவ்வளவுதான் இடைவெளி.

யாரும் கத்தவில்லை. மாமா இறங்கி வந்து முதலில் அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் வண்டியைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளிச்சம்

பக்கத்து வண்டிப் பெரியவர் ஒருவர் கனமான மரக்கட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கால்களுக்குக் கீழே அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக டிரெய்லரைத் தூக்கி, டிரக்கை வெளியே எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கிங்பின்னிலும் ஹிட்ச்சிலும் விரிசல் இருக்கிறதா என்று மெக்கானிக் வந்து பார்க்கும்வரை நகரக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். அவர் வரப்போவது மறுநாள்தான்.

அன்று மாலை, வீடியோவை அழிக்கப்போனேன். “இரு. போட்டுக் காட்டு” என்றார் அத்தை.

டைனிங் டேபிளில் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். கைப்பிடி மூடியிருந்தது. ‘கிளிக்’ சத்தம் தெளிவாகக் கேட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாமா மூன்று முறை ஓடவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நிறுத்துங்க. அங்க வெளிச்சம் தெரியுதே” என்றார் அத்தை.

டிரெய்லரின் தட்டுக்கும் ஹிட்ச்சின் தட்டுக்கும் நடுவில், ஒரு கோடு மாதிரி வானம் தெரிந்தது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். “டிரெய்லர் உசரமா இருந்திருக்கு. பின் முழுசா கீழ இறங்காம, அதோட நுனி தாடைக்கு மேல உட்கார்ந்திருக்கு. தாடை வெறும் காத்தைக் கவ்வி மூடியிருக்கு.”

மாட்டும்போது டிரெய்லரின் தட்டு, ஹிட்ச் தட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். டிரக் பின்னால் வரும்போது ஹிட்ச் தட்டு அதை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வாங்கும். அப்போதுதான் பின் முழுசாக இறங்கும். உயரமாக இருந்தால் சத்தமும் கைப்பிடியும் நம்மை ஏமாற்றிவிடும். அதைக் கண்டுபிடிக்க இரண்டே வழிகள். டார்ச் அடித்து நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. இழுத்துப் பார்ப்பது. இரண்டையும் நான் செய்யவிடவில்லை.

‘விற்றுவிடலாம்’ என்று அத்தை சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்துபோய் மளிகைக் கணக்கு நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்தார். “வரிசையா சொல்லுங்க. எது முதல்ல, எது அடுத்தது. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

இரவு பத்து மணிவரை கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த லிஸ்ட் இதுதான்.

1. கப்போர்டு, ஃப்ரிட்ஜ் கதவு பூட்டியாச்சா? குக்கர் சிங்க்குக்குள்ள.
2. காஸ் சிலிண்டர் மூடியாச்சா?
3. சறுக்கு அறை உள்ளே. கூரை ஜன்னல் மூடி. ஆன்டெனா கீழே.
4. டயர் காத்து. நட்டு கண்ணால ஒரு பார்வை.
5. சக்கரக் கட்டை இருக்கா? இப்ப எடுக்கக் கூடாது.
6. டிரெய்லர் தட்டு, ஹிட்ச் தட்டைவிடக் கொஞ்சம் கீழே இருக்கா?
7. மாட்டினதும் டார்ச். நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது.
8. பூட்டு, விளக்குக் கேபிள், அவசர பிரேக் கம்பி.
9. முன்கால் ஒரு விரல்கடை மட்டும் மேல. எல்லாரும் விலகி நில்லு.
10. இழுத்துப் பார்த்தாச்சா?
11. அசையலைன்னா மட்டும் கால் முழுசா மேல, கட்டை வெளியே. விளக்கு எரியுதா?
12. சுத்தி ஒரு நடை. தண்ணி ஹோஸ், கரன்ட் வயர், படிக்கட்டு.

எட்டாவது வரியில் உள்ள அவசர பிரேக் கம்பி பற்றி ஒரு வார்த்தை. ஓடும்போது டிரெய்லர் தனியாகக் கழன்றுவிட்டால், இந்தக் கம்பி இழுபட்டு, டிரெய்லரின் சொந்த பேட்டரியில் இருந்து அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். அதனால்தான் அந்த பேட்டரி செத்துப்போயிருக்கக் கூடாது. கம்பியின் மறுமுனையை டிரக்கின் உடம்பில் மாட்ட வேண்டும். ஹிட்ச்சில் மாட்டினால், ஹிட்ச்சே பிடுங்கிக்கொண்டு வரும்போது பிரயோஜனமில்லை.

நோட்டின் மேல் ஓரத்தில் அத்தை ஒரு வரியை அடிக்கோடிட்டு எழுதினார். ‘மாட்டும்போது யாரும் பேசக் கூடாது. போன் டிராயருக்குள்ள.’

வாங்கியதில் எது உருப்படி?

மெக்கானிக்குக்காகக் காத்திருந்த நாளில், இரண்டு வருடத்தில் வாங்கியதில் எது உதவியது, எது தண்டம் என்று மாமாவிடம் கேட்டேன். பாதுகாப்புப் பெட்டி, டயரில் காற்றையும் சூட்டையும் காட்டும் சென்சார், டார்க் ரெஞ்ச், மல்ட்டிமீட்டர். இந்த நான்கையும் முதலில் சொன்னார். அடுத்தது, குழாயில் மாட்டும் சின்ன பித்தளை ரெகுலேட்டர். சில பார்க்குகளில் தண்ணீர் அழுத்தம் அதிகம். டிரெய்லரின் பிளாஸ்டிக் குழாய்கள் தாங்காது. 50 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் இதை டிரெய்லர் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கம் மாட்டினால் ஹோஸும் தப்பிக்கும்.

சூட்டைத் தூரத்தில் இருந்தே காட்டும் தெர்மாமீட்டர் ‘துப்பாக்கி’யும் லிஸ்ட்டில் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுப்பகுதியில் அதைக் காட்டுவார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் மற்றதைவிட ரொம்பச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ மக்கர் செய்கிறது என்று அர்த்தம்.

காசு செலவில்லாத ஒன்று, டேஷ்போர்டில் ஒட்டிய பேப்பர் துண்டு. ‘உயரம் 13 அடி 2 அங்குலம்.’ சாதாரண மேப் ஆப்புக்குப் பாலத்தின் உயரம் பற்றிக் கவலையில்லை. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயர ரயில் பாலம் ஒன்று, லாரிகளின் கூரையை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தே உலகப் புகழ் பெற்றது. 2019-ல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன்பிறகும் வந்து மோதியவர்கள் உண்டு!

தண்டம் எது என்று கேட்டேன். மாமா யோசிப்பதற்குள் அத்தை சொன்னார், “வெளியே உட்கார்ந்து பார்க்கறதுக்குன்னு ஒரு டிவி வாங்கினார். வெளியே வந்தா வானத்தைப் பார்க்காம டிவியையா பார்ப்பாங்க?”

ஃபோர்ட் டேவிஸ்

கிங்பின்னில் விரிசல் இல்லை. ஹிட்ச் சரியாக இருந்தது. நசுங்கிய விளிம்போடும், கயிறு போட்டுக் கட்டிய பின்கதவோடும் கிளம்பினோம். அத்தை நோட்டோடு ஓரமாக நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தார். மாமா ஒவ்வொன்றுக்கும் “ஆச்சு” என்றார். பத்தாவது வரி வந்தபோது அத்தை என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். “இழுத்துப் பார்த்தாச்சா?” டிரக் உறுமியது. வீடு அசையவில்லை. “ஆச்சும்மா” என்றார் மாமா. அந்த ‘ஆச்சும்மா’வில் இருந்த பணிவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஃபோர்ட் டேவிஸ் பக்கத்தில் மெக்டொனால்டு வானியல் ஆய்வகம் இருக்கிறது. அதற்காகவே சுற்றுவட்டாரத்தில் விளக்குகளை அடக்கி வைத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி இரண்டு நாற்காலிகளைப் போட்டு மாமாவும் அத்தையும் உட்கார்ந்தார்கள். நான் படிக்கட்டில். அவ்வளவு நட்சத்திரங்களை நான் பார்த்ததில்லை. போன் டிராயருக்குள்ளேயே இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அத்தை கேட்டார், “அக்டோபர்ல கொலராடோ குளிருமாங்க?”

மாமா, “கொஞ்சம் குளிரும்” என்றார். விற்பதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

சென்னைக்குத் திரும்பி வேலையில் சேர்ந்துவிட்டேன். போன வாரம் அத்தை வீடியோ காலில் வந்தார். லிஸ்ட்டை லேமினேட் செய்து, ஹிட்ச் பக்கத்துக் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டிருக்கிறார்.

“அந்த வீடியோ போட்டுட்டியா?” என்று கேட்டார்.

“ஐயோ, இல்லை அத்தை. அதை எப்படிப் போடறது?”

“ஏன் போடலை? எங்க தப்பு ஆச்சுன்னு சொல்லிப் போடு. யாராவது ஒருத்தர் பார்த்துட்டு டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்கல்ல?”

வீடியோவைப் போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன், லிஸ்ட்டில் ஏதாவது வரி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

“பன்னிரண்டும் இருக்கு. ஆனா கிரைண்டர் மேல தப்பில்லைன்னு இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.”